செரேசோ ஓடிய ஓட்டம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

உலகக் கோப்பை வரலாற்றில் உங்களுக்குப் பிடித்த ஐந்து கோல்கள் எவை? மரடோனா கையால் போட்ட கோலை ஏற்கிறீர்களா? 1966 இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஹர்ஸ்ட் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டியதா? 1982இல் இத்தாலிக்கு எதிராக பிரேசிலின் ஃபால்காவோ அடித்த கோலை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? யூடியூபில் பார்த்தேன். பாக்ஸுக்கு வெளியிலிருந்து ஒரு ஷாட், அவ்வளவுதானே? நான் நண்பர்களோடு நடுக்களத்தில் ஆடுபவன். இன்றுவரை ஒரு கோல்கூட அடித்ததில்லை. அதனால்தானோ என்னவோ, அடுத்தவர் அடித்த கோல்களை ஒன்று விடாமல் பார்க்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வழக்கமாகப் பட்டியல் கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. ஐந்து கோல் சொன்னால் ஆறாவது ஏன் இல்லை என்று அடுத்த கடிதம் வரும். ஹர்ஸ்ட் விஷயம் இன்னும் மோசம். பந்து கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்தது, லைன்ஸ்மேன் பஹ்ராமோவ் கோல் என்றார், இங்கிலாந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போனது. இதற்கு மேல் கிளற என்ன இருக்கிறது? மரடோனாவின் கை, கைதான். நடுவர் பார்க்கவில்லை, கோல் ஆயிற்று. நான் ஏற்றால் என்ன, ஏற்காவிட்டால் என்ன.

ஆனால் ஃபால்காவோவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைச் சும்மா விட முடியாது. சில நாட்களாக அந்த ஆட்டம்தான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்தது பதினைந்து நொடித் துண்டு. அது எங்கே தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? ஃபால்காவோவின் காலில் பந்து வந்து சேர்ந்த பிறகு. அதற்கு முந்தையதை வெட்டிவிட்டு, பிந்தையதைப் பார்த்து ‘அவ்வளவுதானே’ என்கிறீர்கள்.

1982 ஜூலை 5, பார்சிலோனாவின் சாரியா மைதானம். இரண்டு அணிகளும் அர்ஜென்டினாவை வென்றுவிட்டுத்தான் வந்திருந்தன. கோல் வித்தியாசத்தில் முன்னால் இருந்த பிரேசிலுக்கு, அரையிறுதிக்குப் போக டிரா போதும். இத்தாலி ஜெயித்தே ஆக வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் இத்தாலியின் ரோஸ்ஸி ஒரு கோல். பன்னிரண்டாவது நிமிடத்தில் பிரேசிலின் சாக்ரடீஸ் சமன் செய்தார். 25ஆவது நிமிடத்தில் பிரேசிலின் டோனினியோ செரேசோ, தன் தடுப்பு வரிசைக்கு முன்னால் குறுக்காக ஒரு பாஸ் போட்டார். யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை தெளிவாகத் தெரியாது. அங்கே நின்ற சகாக்கள் ஆளுக்கு ஆள் மற்றவன் எடுப்பான் என்று இருந்தார்கள். நடுவில் புகுந்தார் ரோஸ்ஸி. 2-1.

அன்றிலிருந்து செரேசோ என்றால் அந்தப் பாஸ்தான். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்களில் அதைச் சொல்லாதவர் இல்லை.

அப்புறம் 68ஆவது நிமிடம். பிரேசிலின் ஜூனியர் என்ற ஆட்டக்காரர் இடப்பக்கத்திலிருந்து உள்ளே வந்து பந்தைக் குறுக்கே ஃபால்காவோவுக்குத் தருகிறார். ஃபால்காவோ பாக்ஸின் விளிம்பில், சற்று வலப்பக்கமாக நிற்கிறார். எதிரே நீலச் சட்டைகள் நெருக்கியடித்து நிற்கின்றன, சுடுவதற்கு இடமே இல்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் ஃபால்காவோவையும் தாண்டி வெளிப்பக்கமாக, வலது மூலையைப் பார்த்து முழு வேகத்தில் ஓடுகிறார். ஃபால்காவோ அவருக்குத்தான் தள்ளப்போகிறார் என்பதுபோல் உடம்பைத் திருப்புகிறார். இத்தாலியர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். சாய்ந்த கணத்தில் நடுவில் ஒரு சந்து திறக்கிறது. ஃபால்காவோ பந்தை இடது காலுக்கு மாற்றி அடிக்கிறார். 2-2.

ஓடியவர் யார்? செரேசோ.

நாற்பத்து மூன்று நிமிடங்களுக்கு முன்னால் தன் அணியைக் குழியில் தள்ளிய அதே ஆள். பந்து வராது என்று தெரிந்தாலும் ஓடியிருப்பார் என்றே நினைக்கிறேன். வந்திருந்தாலும் எடுத்துக்கொண்டு போயிருப்பார், அது வேறு. பந்து தனக்கு வரும் என்று எதிராளி நம்பும்படி ஓடினார், அதுதான் வித்தை. ஒப்புக்கு ஓடுபவனை எந்த டிஃபெண்டரும் மதிக்கமாட்டான். கோல் அடித்துவிட்டு நரம்பு புடைக்க இரு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடும் ஃபால்காவோவின் முகம் உலகம் பூராவும் தெரியும். செரேசோவை அந்தப் படத்தில் எவரும் தேடுவதில்லை. செய்த தப்பு மட்டும் அவர் பேரில் எழுதப்பட்டிருக்கிறது, செய்த நல்லது அடுத்தவர் கணக்கில் போய்விட்டது. எனக்கு இது பொறுக்கவில்லை.

எனக்குப் பந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்த ஒரு மூத்த நண்பர் இருந்தார். பழைய ஆட்டங்களின் கேசட்டைப் போட்டுவிட்டு, திரையில் பந்து இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மறைத்துவிடுவார். “இப்போ என்ன தெரியுது சொல்லு” என்பார். முதலில் எரிச்சல்தான் வந்தது. கையைத் தட்டிவிடத் தோன்றும். கொஞ்ச நாளில் மற்றவர்கள் தெரியத் தொடங்கினார்கள். ஒருவன் நகர்கிறான், அவன் பின்னால் ஒரு டிஃபெண்டர் போகிறான், போன இடம் காலியாகிறது.

1970 இறுதிப் போட்டியில் இத்தாலிக்கு எதிராக பிரேசில் கேப்டன் கார்லோஸ் ஆல்பெர்ட்டோ அடித்த நாலாவது கோலை அப்படித்தான் பார்த்தேன். பேலே திரும்பிக்கூடப் பார்க்காமல் வலப்பக்கம் உருட்டிவிட்டது உங்களுக்கும் தெரியும். அந்த வலப்பக்கம் ஏன் ஆளில்லாமல் கிடந்தது என்று யோசித்தீர்களா? வலது விங்கரான ஜைர்சினியோ இடப்பக்கம் போய்விட்டார். அவரைக் காவல் காக்க வேண்டிய இத்தாலியின் ஃபாக்கெட்டி கூடவே போய்விட்டார். கேப்டன் ஓடிவர முழு மைதானமும் திறந்து கிடந்தது. பேலேவுக்கு முன்னால், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற டோஸ்டாவோ, ஆல்பெர்ட்டோ வருவதைப் பார்த்து பேலேவுக்குச் சைகை காட்டினார். இதே டோஸ்டாவோதான் கீழே இறங்கிவந்து பந்தைப் பறித்து அந்த நகர்வையே தொடங்கிவைத்தவர். பறித்துக் கொடுத்துவிட்டு மறுமுனைக்கு ஓடிப்போய் நிற்கிறார் மனுஷன். 86ஆவது நிமிடத்தில், மூச்சு வாங்கவைக்கும் மெக்ஸிகோ நகரத்தின் உயரத்தில்!

1986இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் போட்ட அதே ஆட்டத்தில் மரடோனா அடித்த இரண்டாவது கோலும் அப்படித்தான். தனி ஆளாக அடித்தார் என்கிறோம். சரி, அவர் மட்டும்தான் அதை அடித்திருக்க முடியும், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் இடப்பக்கம் அவருடைய சக ஆட்டக்காரர் வால்டானோ கூடவே ஓடிவந்துகொண்டிருந்தார். ஓடும்போது உனக்குப் பாஸ் தரத்தான் வழி பார்த்தேன் என்று ஆட்டம் முடிந்து குளிக்கும்போது மரடோனா சொன்னதாக வால்டானோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்து டிஃபெண்டர்களும் அவரை மறந்துவிட்டு மரடோனா மேல் விழ முடியாதில்லையா?

ஜெர்மனிக்கு எதிராக பிரேசில் ஆடிய 2002 இறுதிப் போட்டியைப் பாருங்கள். க்ளெபர்சன் வலப்பக்கத்திலிருந்து தந்த பந்தை ரிவால்டோ தொடவே இல்லை. கால்களுக்கு இடையில் ஓடவிட்டார். பின்னால் நின்ற ரொனால்டோ கோல் அடித்தார். ஸ்கோர்கார்டில் ரிவால்டோ பெயர் எங்கே?

இப்போது உங்களிடம் வருகிறேன். ஒரு கோல்கூட அடித்ததில்லை என்று ஏதோ நோயைச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் உங்கள் மேல் கோபமும் வந்தது, பாசமும் வந்தது. நடுக்களத்தில் ஆடுகிறவர் அடுத்தவர் அடித்த கோல்களின் வால்பகுதியை மட்டும் பார்த்துப் பார்த்து உங்களையே சின்னவராக்கிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் ஓடியதால் உங்கள் நண்பர் எத்தனை முறை காலியான இடத்தில் நின்று அடித்திருப்பார்? அவரைக் கேட்டுப் பாருங்கள். தெரியாது என்பார். கோல் அடிக்கிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் வலையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் நீங்கள் ஓடுவதை நிறுத்திய அன்றைக்கு, ஏன் இன்று நெருக்கமாக இருக்கிறது என்று முனகுவார்.

சாரியா ஆட்டத்தை முழுசாகப் பாருங்கள். தொண்ணூறு நிமிடமும். வேகமாக ஓட்டாமல். 74ஆவது நிமிடத்தில் ரோஸ்ஸி மூன்றாவதை அடித்து பிரேசிலை வீட்டுக்கு அனுப்பிவிடுவார், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நிமிடங்களில் ஒரு ஃப்ரீ கிக்கில் பிரேசிலின் ஆஸ்கார் தலையால் முட்டிய பந்தை, இத்தாலியின் நாற்பது வயது கோல்கீப்பர் ஸோஃப் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடிப்பார். அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.