பிஎச்டி நேர்காணலுக்கு அழைத்துவிட்டு விருந்தும் வைக்கிறார்களே, இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அமெரிக்காவில் உயிரியல் பிஎச்டிக்கு மூன்று இடங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது, நிகழ்ச்சி நிரலில் பேராசிரியர்களோடு அரைமணி நேரச் சந்திப்புகள், மாணவர்களோடு மதிய உணவு, போஸ்டர், இரவு விருந்து எல்லாம் கலந்து கிடக்கிறது, இதில் எது தேர்வு, எது உபசாரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊர்க் கல்லூரியில் எம்எஸ்சி முடித்தவர் என்று நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன், இல்லையென்றால் மன்னியுங்கள். நேர்காணல் என்றால் நமக்குத் தெரிந்தது வைவாதான். எதிரே நான்கு பேர், இந்தப் பக்கம் நாம், கேட்டதற்குப் பதில். அதே நினைப்போடு போய் உட்கார்ந்ததால்தான் என் முதல் நேர்காணல் கைவிட்டுப் போனது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அதனால்தான் கடந்துபோக முடியவில்லை.

முதலில் ஒரு விஷயம். உயிரியல், மருத்துவ உயிரியல் துறைகளில் பெரும்பாலும் டிசம்பரில் விண்ணப்பம் முடியும், ஜனவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நேர்காணல், அதற்குப் பிறகுதான் இடம் உண்டா இல்லையா என்று சொல்வார்கள். வேதியியல், இயற்பியல், பொறியியலில் பல இடங்களில் முதலில் இடத்தைக் கொடுத்துவிட்டு, மார்ச் வாக்கில் 'வந்து பாருங்கள்' என்று கூப்பிடுவார்கள். அது முழுக்க அவர்கள் நம்மைக் கவர நடத்துவது. உங்கள் துறையில் அவர்கள் நம்மைப் பார்ப்பதும் நாம் அவர்களைப் பார்ப்பதும் ஒரே நாளில் நடக்கிறது. நண்பர்கள் வேறு துறையில் இருந்தால் அவர்கள் சொல்லும் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

என் கதை 2022 ஜனவரியில் நடந்தது. மதுரையில் ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். பொங்கலுக்குச் சாத்தூர் வந்தவள், ஒமைக்ரான் பரவிய நேரம் என்பதால் வீட்டிலேயே தங்கிவிட்டேன். நேர்காணல் ஜூமில். அவர்களுக்குக் காலை 10 மணி, நமக்கு இரவு ஒன்பதரை. ஐந்து பேராசிரியர்கள், ஆளுக்கு அரைமணி, நடுவில் இடைவேளைகள், முடியும்போது நள்ளிரவு ஒன்றரை. ஃபேன் சத்தம் மைக்கில் கேட்கும் என்று அதை அணைத்துவிட்டு, கரண்ட் போனால் இன்வெர்ட்டரைப் பார்த்துக்கொள்ள அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

எம்எஸ்சியில் என் டிசர்டேஷன், அதாவது ஆய்வேடு, கேண்டிடா என்ற பூஞ்சையைப் பற்றியது. நோயாளியின் உடலில் செருகும் கதீட்டர் போன்ற குழாய்களின் உட்சுவரில் அது பாசி மாதிரி படலமாகப் படியும். பயோஃபிலிம் என்பார்கள். ஒரு செடியின் சாறு அந்தப் படலத்தைக் குறைக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. 96 குழிகள் உள்ள தட்டில் படலத்தை வளர்த்து, கழுவி, கிரிஸ்டல் வயலட் சாயம் ஊற்றி, மறுபடி கழுவி, ஒட்டியிருக்கும் சாயத்தை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, ஊதா நிறம் எவ்வளவு அடர்த்தி என்று கருவியில் அளக்க வேண்டும். ஊதா குறைந்தால் படலம் குறைந்தது என்று எழுதிக்கொள்வேன்.

இரண்டாவதாக வந்த பேராசிரியர் கேட்டார்: "கிரிஸ்டல் வயலட் செத்த செல்லிலும் ஒட்டும் இல்லையா? அப்படியானால் உங்கள் சாறு பூஞ்சையைக் கொன்றதா, ஒட்டவிடாமல் செய்ததா? எப்படித் தெரியும்?"

தப்புப் பிடித்துவிட்டார் என்றுதான் என் காதில் விழுந்தது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. செய்முறையை முதல் படியிலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார். "எங்கள் கைடு கொடுத்த புரோட்டோகால் சார், பேப்பரிலும் அப்படித்தான் இருக்கிறது" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். "நோ சார், தேங்க்யூ சார்." அன்று ஐந்து பேருக்கும் அதே பதில்தான் சொன்னேன். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். மூன்று வாரத்தில் இடம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது.

அடுத்த நேர்காணலுக்கு முன்னால் சீனியர் அக்கா ஒருவரிடம் போனில் அழுதேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அவர் தப்புக் கண்டுபிடிக்கக் கேட்கலடி. உன்கூடச் சேர்ந்து யோசிக்கப் பார்த்திருக்கார். நீதான் கதவைச் சாத்திட்ட."

அன்று இரவே பழைய லேப் நோட்டை எடுத்தேன். இரண்டு முறை மட்டும், குழிகளில் மேலே நின்ற திரவத்தை எடுத்து வேறொரு வளர்ப்புத் தட்டில் பரப்பி, மறுநாள் காலனிகளை, அதாவது உயிருள்ள செல்கள் வளர்ந்து உண்டாக்கும் புள்ளிகளை, எண்ணியிருந்தேன். சாறு போட்ட குழிக்கும் போடாத குழிக்கும் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்று. 'வேலை செய்யவில்லை' என்று பக்கத்தில் எழுதி, டிசர்டேஷனில் சேர்க்காமல் விட்டிருந்தேன். இப்போது பார்த்தால், அந்தப் பேராசிரியர் கேட்டதற்கான பதில் அதில்தான் இருந்தது. பூஞ்சை சாகவில்லை, சுவரில் ஒட்டாமல் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அப்படித்தான் தோன்றியது.

பிப்ரவரியில் இன்னொரு பல்கலைக்கழகத்தின் நேர்காணல். ஒரு பேராசிரியை சாயத்தைப் பற்றி ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தார். இந்த முறை சொன்னேன்: "சாயத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. மேலே நின்ற திரவத்தில் எண்ணிப் பார்த்தபோது பூஞ்சை உயிரோடுதான் இருந்தது. ஆனால் செய்தது இரண்டே முறை. ஒட்டுவதைத்தான் தடுக்கிறது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன்." அவர் கேமராவுக்கு நெருங்கி வந்து, பேனாவால் ஒரு தாளில் குழியை வரைந்து காட்டினார். "சரி, படலம் நன்றாக ஒட்டிய பிறகு, மறுநாள் சாற்றைப் போட்டால்?" செய்யவில்லை என்றேன். செய்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்றார். ஏற்கெனவே ஒட்டிவிட்டதை அது ஒன்றும் செய்யாது என்றேன். அதை எப்படிச் சோதிப்பது என்று இருவரும் பேச ஆரம்பித்தோம். ஜூம் அறை மூடப் போகிறது என்று திரையில் 60 விநாடி ஓடத் தொடங்கியும் அவர் நிறுத்தவில்லை. வாக்கியத்தின் நடுவில் திரை மாறிவிட்டது. இப்போது அந்தத் துறையில்தான் படிக்கிறேன், நான்காவது ஆண்டு.

ஒரு பதிலால் இடம் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் அதையும் மறுக்க மாட்டேன். நம் ஊர் வைவா மட்டம் என்றும் பொருள் இல்லை. பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் எட்டுப் பேர் முன்னால் போர்டில் எழுதிக் காட்டிய அரைமணி நேரத்தில் நான் கற்றது நிறைய. அங்கே அடிப்படை தெரியுமா என்று பார்த்தார்கள். இங்கே அமெரிக்காவில் அதை மதிப்பெண்ணும் பரிந்துரைக் கடிதங்களும் ஓரளவு சொல்லிவிட்டன, அதனால்தான் அழைத்திருக்கிறார்கள். இனி, நீங்கள் செய்த வேலை உங்களுக்கே சொந்தமாகத் தெரிகிறதா, தெரியாத இடத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

கடிதம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் நான்கு வருடமாக மனதில் கிடக்கிறது. என் பரிந்துரைக் கடிதத்துக்காக ஒரு பேராசிரியரின் அறை வாசலில் ஒன்பது நாள் நின்றேன். கடைசியில், "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். விண்ணப்பத்தில் 'இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்று டிக் செய்ய ஒரு கட்டம் இருக்கும். நானே உட்கார்ந்து எழுதிய கடிதத்துக்கு அதை டிக் செய்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண் தன்னைப் பற்றித் தானே என்ன எழுத முடியும்? 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று எழுதினேன். இரண்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர் பத்து வரி எழுதியிருந்தால் அதில் என்னைப் பற்றி ஏதாவது இருந்திருக்கும். நம் ஊரில் எத்தனை பேருக்கு இப்படி நடக்கிறது என்று எம்எஸ்சி படித்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள். நேரம் இல்லை என்பார்கள். மாணவருக்குக் கடிதம் எழுதுவதும் அவர்கள் வேலைதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2024, 2025 இரண்டு வருடமும், நேரில் வந்த விண்ணப்பதாரர்களுக்கு எங்கள் துறையில் நான் மாணவர் துணையாக இருந்தேன். ஹோஸ்ட் என்பார்கள். வியாழன் மாலை வந்து இறங்குவார்கள், வெள்ளி முழுக்கச் சந்திப்பு, சனிக்கிழமை ஊரையும் ஆய்வகங்களையும் சுற்றிக் காட்டுவோம், ஞாயிறு கிளம்புவார்கள். பேராசிரியர்கள் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு படிவம் நிரப்பித் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவார்கள். எங்களிடம் படிவம் கிடையாது. ஆனால் 'கவலைப்படும்படி ஏதாவது நடந்ததா?' என்று கேட்பார்கள். அதற்கு நான் ஒரே ஒரு முறைதான் ஆம் என்றேன். உணவு பரிமாறியவரிடம் ஒருவர் மிக மோசமாகப் பேசினார். ஆங்கிலம் தடுமாறியது, அமைதியாக இருந்தார், விருந்தில் பழச்சாறு மட்டும் குடித்தார், சைவம் கேட்டார் என்றெல்லாம் யாரும் யாரையும் கழிக்கவில்லை. மது குடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கோட் சூட்டும் தேவையில்லை. நேரில் போவதாக இருந்தால் பனியில் வழுக்காத ஷூவுக்குச் செலவு செய்யுங்கள்.

ஆக, விருந்தும் உணவும் உபசாரம்தான். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். பேராசிரியர்கள் இல்லாத அந்த மதிய உணவில், நீங்கள் சேர நினைக்கும் ஆய்வகத்தின் பெயரைச் சொல்லி நேராகக் கேளுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது? பாதியில் போனவர் உண்டா? ஸ்டைபெண்டில், அதாவது மாத உதவித்தொகையில், வாடகை போக என்ன மிஞ்சும்? கோடையிலும் சம்பளம் வருமா? ஊருக்குப் போய்வர லீவு கேட்டால் பேராசிரியர் என்ன சொல்வார்? போன வருடம் ஒரு பெண் இப்படி ஒரு ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டாள். மேசையில் இருந்த நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவன், "நல்ல ஆராய்ச்சி நடக்கிறது" என்று மட்டும் சொன்னான். அவள் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து ஆய்வகத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். அவள் புரிந்துகொண்டது சரி.

ஜூமில் நடந்தாலும் மாணவர்களுக்கென்று தனி நேரம் இருக்கும், தூக்கம் வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். நான் முதல் தடவை விட்டேன்.

மூன்றில் ஒன்று கைவிட்டாலும் அதை உங்கள் அறிவுக்குப் போட்ட மார்க்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே பல உயிரியல் துறைகள் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் (NIH) பயிற்சி நிதியை வைத்து மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்கின்றன. அந்த நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். நம்மைப் போன்றவர்களுக்கு வேறு பணம் தேட வேண்டும், அதனால் நமக்கான இடங்கள் முதலிலேயே குறைவு. 2025இல் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டபோது பல துறைகள் சேர்க்கையையே குறைத்தன. அரைமணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் இதை மாற்ற முடியாது.

இடம் கிடைத்தால் உடனே 'சரி' என்று சொல்லச் சொல்லி யாராவது அவசரப்படுத்தலாம். நிதியுதவியோடு வரும் இடங்களுக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் கூடி ஒப்புக்கொண்டிருக்கின்றன. உங்களுடையது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் தைரியமாக நேரம் கேளுங்கள்.

சந்திப்பு இரவில் என்றால் அன்று மதியம் கட்டாயம் தூங்குங்கள். போன் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்பில் முன்கூட்டியே ஒருமுறை இணைத்துப் பாருங்கள். நீங்கள் சந்திக்கப் போகும் பேராசிரியர்களுக்கு ஆளுக்கு ஒரு கேள்வி தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய லேப் நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேலை செய்யவில்லை என்று நீங்கள் விட்டுவிட்ட பக்கங்களோடு.