பிராதில் அந்த வாசகம் எங்கே?

கேள்வி: கும்பகோணம் வட்டத்தில் முப்பது ஆண்டுகளாக விதை, உரக்கடை நடத்தி வருகிறேன். வயது 67. 2024 சம்பாவுக்கு என்னிடம் சி.ஆர். 1009 சப் 1 விதை வாங்கிய மயிலாடுதுறைப் பக்கத்து விவசாயி ஒருவர், விதை பாதிகூட முளைக்கவில்லை என்ற கோபத்தில், நான் சாதாரண நெல்லுக்கு நீல அட்டை கட்டிச் சான்று விதையாக விற்கிறேன் என்று 2024 செப்டம்பரில் பாசன விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். 2025 ஜனவரியில் வேறொரு குழுவில் அதையே குரல் பதிவாகவும் போட்டார். 2025 ஆகஸ்டில் 15 லட்சம் ரூபாய் கேட்டு கும்பகோணம் நீதிமன்றத்தில் மான நஷ்ட வழக்குத் தொடுத்தேன். என் பிராதை (வழக்கு மனுவை) நிராகரிக்க ஒரு மனு, இந்த நீதிமன்றத்துக்கு எல்லை அதிகாரம் இல்லை என்று ஒரு மனு, என் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு ஒரு மனு என மூன்று மனுக்களை அவர் இப்போது போட்டிருக்கிறார். கோயில் திருவிழாவில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த மரியாதை போயிற்று. மகளுக்கு வந்த வரனும் நின்றுவிட்டது. அவர் வாயை அடைக்கத் தடையுத்தரவு வாங்க முடியுமா? குற்ற வழக்கும் போடலாமா? குரல் பதிவைப் பிராதில் சேர்க்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

பதில்: திருவிழா மரியாதையும் நின்றுபோன வரனும் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது. ஆனால் அவை இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிக்கும் கட்டத்தில் பேச வேண்டியவை. உங்கள் வழக்கு அந்தக் கட்டத்தை எட்டுமா என்பதே இப்போதைய கேள்வி. நீங்கள் அனுப்பிய பிராது நகலை முழுவதும் படித்தேன். "பிரதிவாதி வாதியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் பொய்யான செய்திகளைப் பரப்பினார்" என்ற வரி அதில் நான்கு இடங்களில் வருகிறது. அவர் எழுதிய வாசகம் ஓரிடத்தில்கூட இல்லை. எழுதிய தேதி, எந்தக் குழு, கும்பகோணத்தில் அதைப் படித்தவர் யார் என்ற விவரங்களும் இல்லை. இணைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட்டில் வாசகம் தெரிகிறது, ஆனால் மேல்பகுதி வெட்டுப்பட்டுத் தேதியும் அனுப்பியவர் எண்ணும் காணவில்லை. அவதூறு வழக்கில் சொல்லப்பட்ட சொற்களே வழக்கு மூலம், அதாவது வழக்குக்கான அடிப்படைக் காரணம். அவற்றை அப்படியே எடுத்து எழுதாத பிராது, கடன் பத்திரத்தின் தேதியைச் சொல்லாமல் பணம் கேட்கும் பிராதைவிடவும் பலவீனமானது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11-இன் கீழ் பிராது நிராகரிக்கப்பட்டால், விதி 13-இன்படி அதே வழக்கு மூலத்தில் புதிதாக வழக்குப் போடத் தடையில்லை. இதைக் கேட்டு நிம்மதியடையும் கட்சிக்காரர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் நிலத்தகராறும் பணவழக்கும் நடத்திப் பழகியவர்கள். அவதூறு வழக்கில் அந்த நிம்மதிக்கு இடமில்லை. காலவரையறைச் சட்டத்தின் 75, 76 ஆகிய இனங்கள் எழுத்தானாலும் பேச்சானாலும் தருவது ஓராண்டு மட்டுமே. உங்கள் முதல் செய்திக்கான ஓராண்டு 2025 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. இன்று பிராது நிராகரிக்கப்பட்டால் நாளை புதிதாகப் போட வழியில்லை. முன் வழக்கில் செலவான காலத்தைக் கழித்துக்கொள்ள உதவும் பிரிவு 14, அதிகார வரம்பு இல்லாமை போன்ற குறைகளுக்கானது. சரியாக எழுதப்படாத பிராதுக்கு அது எளிதில் கைகொடுக்காது. நிராகரிப்பு உத்தரவு தீர்ப்பாணைக்குச் சமமானது என்பதால் மேல்முறையீடு செய்யலாம் என்றாலும், வாசகமே இல்லாத பிராதை வைத்துக்கொண்டு மேல்முறையீட்டில் என்ன வாதிடுவீர்கள் என்று இப்போதே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நிராகரிப்பு மனுவில் உத்தரவு வருவதற்கு முன்பே கட்டளை 6 விதி 17-இன் கீழ் திருத்த மனு தாக்கலாக வேண்டும். அந்த மனு 2024 செப்டம்பர் செய்தி ஒன்றோடு நின்றுகொள்ள வேண்டும்: அதன் முழு வாசகம், தேதி, குழுவின் பெயர், கும்பகோணத்தில் அதைப் படித்த இருவர் மூவரின் விவரம். ஏற்கெனவே சொல்லப்பட்ட வழக்கு மூலத்துக்கு விளக்கம் சேர்ப்பது இது என்று வாதிட நல்ல இடமிருக்கிறது, வாசகம் பிராதோடு சேர்ந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் துணை. விசாரணை தொடங்குமுன் கேட்கும் திருத்தங்களை நீதிமன்றங்கள் தாராளமாகவே பார்க்கின்றன.

ஜனவரிக் குரல் பதிவை இதில் சேர்க்காதீர்கள். அது தனி வெளியீடு, தனி வழக்கு மூலம். அதற்கான ஓராண்டு 2026 ஜனவரியில் முடிந்தது. காலம் கடந்த கோரிக்கையைத் திருத்தத்தின் வழியே நுழைப்பதை நீதிமன்றம் பொதுவாக மறுக்கும், அனுமதித்தாலும் அந்தத் திருத்தம் வழக்குத் தாக்கலான நாளிலிருந்து நடைமுறைக்கு வராது என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. என் கவலை அதைவிடப் பெரியது. இரண்டையும் ஒரே மனுவில் கேட்கும்போது, விளக்கம் மட்டுமே சேர்க்கிறோம் என்ற உங்கள் வாதம் உங்கள் மனுவாலேயே உடைந்துபோகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் குரல் பதிவைச் சுட்டிக்காட்டி, முழுத் திருத்தமும் காலாவதியை மறைக்கும் முயற்சி என்பார். கிடைத்திருக்க வேண்டிய திருத்தத்தை, கிடைக்காததையும் சேர்த்துக் கேட்டு இழந்தவர்கள் உண்டு. குரல் பதிவு அவருடைய உள்நோக்கத்தைக் காட்டும் சாட்சியமாகப் பின்னர் பயன்படலாம், அதோடு விட்டுவிடுங்கள். திருத்தம் அனுமதிக்கப்பட்டபின் உத்தரவில் கெடு சொல்லப்படாவிட்டால் 14 நாட்களுக்குள் பிராதில் அதை எடுத்து எழுதிவிட வேண்டும், இல்லையேல் அனுமதியே பயனற்றுப் போகும்.

எல்லை அதிகார மனுவுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 19-இன்படி தீங்கு நிகழ்ந்த இடத்திலோ பிரதிவாதி வசிக்கும் இடத்திலோ நீங்கள் வழக்குத் தொடரலாம், கும்பகோணத்தில் படித்தவர்களின் பெயர் திருத்தத்தில் வந்துவிட்டால் அந்த ஆட்சேபம் பெரிதும் வலுவிழக்கும். ஒருவேளை பிராது திருப்பித் தரப்பட்டு மயிலாடுதுறைக்குப் போனால், அங்கே காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 14 உண்மையிலேயே உதவும். பின்னர் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் மதுரைக் கிளைக்குப் பதில் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன மூன்றாவது மனுதான் உங்களைக் கவிழ்க்கக்கூடியது. உண்மை என்பது உரிமையியல் அவதூறு வழக்கில் முழுமையான எதிர்வாதம். அவர் அதை எடுத்திருக்கிறார். எனவே 2024 ஆகஸ்டில் உங்கள் கடைக்கு வந்த ஒவ்வொரு மூட்டையின் குவியல் எண்ணும் (லாட் நம்பர்), விற்பனை ரசீதில் அந்த எண் எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் இனி வழக்குக்குத் தொடர்புடைய பொருள்தான். கட்டளை 11-இன் கீழ் ஆவணத்தைக் காட்டவோ வினாப்பட்டியலுக்குப் பதில் தரவோ நீதிமன்றம் உத்தரவிட்டு, நீங்கள் கீழ்ப்படியாவிட்டால், விதி 21-இன்படி உங்கள் வழக்கையே தள்ளுபடி செய்யலாம். கீழ்ப்படிந்தால் பதிவேடு வெளியே வரும். விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி நீங்கள் பராமரிக்க வேண்டிய கணக்கு அது. அதில் வரவுக்கும் விற்பனைக்கும் பத்து மூட்டை ஒவ்வாமல் இருந்தால், அந்த நகல் விதை ஆய்வாளர் மேசைக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. மானத்துக்காக வழக்குப் போட்டு, உரிமத்துக்காகப் போராடும் நிலைக்கு வந்த வியாபாரிகளை நான் அறிவேன். அவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். நடவுக் காலக் கூட்டத்தில் எண் எழுதாமல் ரசீது கிழித்துக் கொடுத்தவர்கள்.

தடையுத்தரவு இப்போது கிடைப்பது கடினம். விசாரணைக்கு முன் ஒருவரின் பேச்சைத் தடுப்பது விதிவிலக்கான நிலையில் மட்டுமே என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் – ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உண்மை என்ற எதிர்வாதம் நிற்கும்போது அந்த மனு உங்களுக்கு ஒரு தோல்வி உத்தரவைத்தான் சேர்க்கும். பாரதிய நியாய சம்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 356-இன் கீழ் குற்றப் புகாருக்கு மூன்றாண்டு அவகாசம் இருப்பதால் செப்டம்பர் செய்திக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் உரிமையியல் வழக்கின் ஓட்டையை அது அடைக்காது, அங்கும் உங்கள் பதிவேடுதான் கேட்கப்படும். போட வேண்டாம் என்பதே என் கருத்து.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: திருத்த மனுவைப் போட்டுவிட்டு, அது நிலுவையில் இருக்கும்போதே சமரசத்துக்குப் போங்கள். இன்று இரு தரப்புக்கும் பயம் சமமாக இருக்கிறது. நிராகரிப்பு உத்தரவோ பதிவேடு உத்தரவோ வந்தபின் உங்களிடம் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பிரிவு 306 அவதூறு வழக்கை விலக்கி வைத்திருப்பதால், தீர்ப்புக்கு முன் நீங்களோ அவரோ காலமானால் வழக்கும் அற்றுப்போகும், பிள்ளைகள் தொடர முடியாது. 67 வயதில், பல ஆண்டு நீளக்கூடிய வழக்கில் இது கற்பனையான ஆபத்து அல்ல.

விதை முளைக்கவில்லை என்று சொல்ல அந்த விவசாயிக்கு உரிமை உண்டு, அதை விட்டுக்கொடுங்கள். விதைக்கு அவர் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும் சம்மதியுங்கள். பதிலுக்கு, அட்டை மாற்றியதாக எழுதியதற்குத் தம்மிடம் ஆதாரம் இல்லை, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்ற இரண்டு வரியை அவர் அதே இரண்டு குழுக்களிலும் போட வேண்டும். அந்த வரிகளின் சொற்களை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், "வருத்தம் தெரிவிப்பார்" என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். சமரசத் தீர்வு மையம் வழியாக முடித்தால் நீங்கள் 3 சதவீதமாகக் கட்டிய 45,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் பிரிவு 69-ஏ-இன்படி திரும்பக் கிடைக்கும். வெளியே பேசி முடித்தாலும் அதைக் கோரலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சமரசம் கைகூடாமல் போனால் சாட்சியம் தேவைப்படும். நீங்கள் அந்தக் குழுவில் இல்லை. ஸ்கிரீன்ஷாட் உங்கள் அக்காள் மகன் கைப்பேசியில் எடுத்தது. பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் தர வேண்டியவரும் கூண்டேற வேண்டியவரும் அவர்தான். ஆகவே வெட்டுப்படாத பதிவை அவரிடமிருந்து இந்த வாரமே வாங்கி வக்கீலிடம் கொடுங்கள், வழக்கு முடியும்வரை அந்தக் கைப்பேசியை அவர் விற்கவோ மாற்றவோ கூடாது.