தோட்டப் பள்ளிச் சதுரங்கக் கழகம்: முன்னாள் ஆட்டக்காரர் பலகையில் யார் பெயரைப் போடலாம்?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சதுரங்கக் கழகப் பொறுப்பாசிரியையாக இருக்கிறேன். கழகத்தின் சிறந்த முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்கிறது. அலமாரி நிறையக் கோப்பை இருக்கிறது, பதிவேடு இல்லை. யாரைச் சேர்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது?

பதில்:

கோப்பைகளை எண்ணித் தொடங்கினால் பட்டியல் தப்பாகத்தான் வரும், டீச்சர். பிளாஸ்டிக் கோப்பையில் ஒட்டிய தகடுதான் முதலில் கழன்று விழும். விழாமல் இருப்பதிலும் 'ஜோஹான்' (மலாயில் முதலிடம்) என்று இருக்குமே தவிர எந்தப் பிரிவில் ஜோஹான் என்று இருக்காது. வார இறுதிப் போட்டிகளில் எட்டு வயது, பத்து வயது, பன்னிரண்டு வயது, சிறந்த தமிழ்ப்பள்ளி மாணவர், மிக இளைய ஆட்டக்காரர் என்று ஒரே நாளில் பலவிதமாகப் பரிசு கொடுப்பார்கள். பதினொரு பேர் ஆடிய பிரிவின் முதலிடமும் நூற்று முப்பது பேர் ஆடிய பிரிவின் ஒன்பதாமிடமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், உயரமான கோப்பைதான் கண்ணில் படும். சான்றிதழிலும் இதே வம்பு. 'பெஞெர்த்தான்' என்று போட்டிருந்தால் பிள்ளை கலந்துகொண்டது, அவ்வளவுதான். மாநில முத்திரையைப் பார்த்துவிட்டு அதைப் பரிசாக எழுதிவிடுவார்கள்.

அதற்கும் முன்னால், தமிழ்ப்பள்ளிக்கே உரிய ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை உங்களிடம் ஆறாம் ஆண்டு வரைதான் இருக்கும். பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளில் சதுரங்கம் 12, 15, 18 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு, ஆண் பெண் தனித்தனி. மாவட்டத்தில் தேர்வானால் மாநிலம், மாநிலத்தில் தேர்வானால் தேசியம். உங்கள் வட்டாரத்துக்குக் கோலகங்சார் மாவட்டம், பிறகு பேராக். இந்த ஏணியில் தமிழ்ப்பள்ளிக்குச் சொந்தமானது முதல் பிரிவு மட்டுமே. நல்ல ஆட்டக்காரர் பெயர் வாங்குவதோ பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதில், இடைநிலைப்பள்ளிச் சீருடையில். அந்தப் பெருமை யாருடையது?

இரண்டு நிரல் போடுங்கள். முதலாவதில் உங்கள் பள்ளியில் படித்தபோது செய்தது, இரண்டாவதில் பிறகு செய்தது. இரண்டாவதில் இடைநிலைப்பள்ளியின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பக்கத்துப் பள்ளிக்காரர்கள் சிரிப்பார்கள், அதில் தப்பும் இல்லை. வயதுப் பிரிவு பிறந்த ஆண்டை வைத்துக் கணக்கிடப்படுவது. இடைநிலைப்பள்ளியில் முதலில் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்தவர் ஒரு படிவம் (இடைநிலைப்பள்ளி வகுப்பு) பின்னால் இருந்தாலும் பிரிவு மாறாது. பழைய பட்டியலில் 'படிவம் 2, 15 வயதுப் பிரிவு, கடைசி ஆண்டு' என்று வந்தால் உடனே தவறென்று அடித்துவிடாதீர்கள்.

யாரைச் சேர்க்கலாம் என்பதற்கு நான் வைக்கும் கோடு இது. மாவட்டத்தின் சார்பில் மாநிலப் போட்டியில் ஆடியவர் கேள்வியில்லாமல் உள்ளே. மாவட்ட அளவில் முதல் மூன்று இடம் பிடித்தவர், எத்தனை பேர் ஆடினார்கள் என்று தெரிந்தால் உள்ளே. பள்ளி அணியின் முதல் போர்டில் (எதிரணியின் பலமான ஆட்டக்காரரைச் சந்திக்கும் மேசையில்) இரண்டு, மூன்று ஆண்டு உட்கார்ந்தவரையும் விட்டுவிடாதீர்கள். நான்கு போர்டு அணிப் போட்டியில் நான்காம் போர்டில் ஆறுக்கு ஆறு எடுத்தவரின் பெயர்தான் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எதிரணியின் பலமான கையைத் தாங்கி ஆறுக்கு மூன்று எடுத்தவரால்தான் அந்த அணி கோப்பை வாங்கியிருக்கும். திரும்பி வந்து சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தனி வரிசை வையுங்கள், ஆட்டக்காரர் பட்டியலோடு சேர்க்க வேண்டாம்.

சான்றுக்கு எங்கே போவது? மிக நம்பகமானது பள்ளிக்குள்ளேயே இருக்கிறது: நான்காம் ஆண்டு முதல் பதியப்படும் புறப்பாட மதிப்பீடு. பாஜ்ஸ்க் என்று சொல்கிறோமே, அதேதான். அதில் பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று அடைவுநிலை பதிவாகியிருக்கும். அந்த மதிப்பீடு வருவதற்கு முந்திய காலத்துக்குப் பள்ளி ஆண்டிதழும், மாவட்டக் கல்வி அலுவலகம் அனுப்பிய அழைப்புக் கடிதங்களும். மாநிலத்துக்குத் தேர்வான பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அந்தக் கடிதத்தின் இணைப்பில் இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் கோப்பில் போட்டுவிட்டு இணைப்பைத் தூக்கிப்போட்ட பள்ளிகளும் உண்டு. தோட்டம் விற்கப்பட்டுப் பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறியிருந்தால் பழைய கோப்புகள் அந்த மாற்றத்தில்தான் தொலைந்திருக்கும். அப்போது முன்னாள் தலைமையாசிரியர்களின் வீட்டுப் பெட்டிகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய முடிவுத் தாள்களில் பள்ளிப் பெயரைப் பத்து விதமாகச் சுருக்கியிருப்பார்கள். பக்கத்தில் பள்ளிக் குறியீடு இருந்தால் (பேராக் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஏ-பி-டி என்று தொடங்குவது) அதை வைத்து உறுதிசெய்யலாம்.

நாளிதழும் உதவும். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனிலும் மற்ற நாளிதழ்களிலும் பள்ளிச் செய்திப் பக்கத்தில் பரிசளிப்புப் படங்கள் வந்திருக்கின்றன. கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் பழைய இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். நாள் தெரியாமல் போனால் ஒரு வாரம் கழிந்துவிடும். கோப்பையிலோ சான்றிதழிலோ உள்ள தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு மாதம் வரையிலான இதழ்களை மட்டும் கேளுங்கள்.

இணையத்தில் செஸ்-ரிசல்ட்ஸ் தளம்தான் பெரிய களஞ்சியம். போட்டி முடிந்து நாளாகிவிட்டால் முடிவுகள் முதல் பார்வைக்குத் தெரியாது. விவரங்களைக் காட்டு என்ற பொத்தானை அழுத்த வேண்டும். 'ஒன்றுமே இல்லை' என்று பலர் திரும்பிவிடுவது இங்கேதான். தொடக்க வரிசைப் பட்டியலில் கிளப் அல்லது ஊர் என்ற கட்டத்தில் பள்ளிப் பெயர் இருக்கும். புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு நகராமல் ஆட்டக்காரரின் பெயரைச் சொடுக்கிச் சுற்று சுற்றாகப் பாருங்கள். புள்ளியின் பக்கத்தில் 'கே' என்ற எழுத்து நின்றால் எதிராளி வராமல் கிடைத்த புள்ளி. ஏழு சுற்றில் ஐந்து எடுத்தவருக்கு அப்படி இரண்டு புள்ளி வந்திருந்தால் கதையே வேறு. சமமான புள்ளி எடுத்தவர்களைச் சுற்றுக்குச் சுற்று மோதவிடும் சுவிஸ் முறையில் ஐந்தரைப் புள்ளியில் ஆறு பேர் நிற்பார்கள், சமன் முறிப்புக் கணக்கில் ஒருவர் மூன்றாமிடம், இன்னொருவர் எட்டாமிடம். அதனால் இடத்தோடு புள்ளியையும் எழுதுங்கள்.

பெயர்தான் பெரிய தலைவலி. தினேஷ் என்ற ஒரே பிள்ளை ஒரு தாளில் 'டி'யில் தொடங்குவான், இன்னொன்றில் 'டிஎச்', மூன்றாவதில் 'டிஎச்'சும் இரண்டு 'இ'யும். ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்பதைச் சிலர் போடுவார்கள், சிலர் விடுவார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபீடேயின் பட்டியலில் அப்பா பெயர் முன்னால் போய்விடும். ஆகவே ஒரு பெயரை நான்கு விதமாகவாவது தேடுங்கள். பிறந்த ஆண்டு ஒத்துவந்தால்தான் அதே ஆள். பழைய பட்டியல்களில் அடையாள எண் இருந்தால் அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். சரிபார்க்க அதைப் பயன்படுத்திக்கொண்டு உடனே மறைத்துவிடுங்கள். பலகையிலும் பள்ளி முகநூலிலும் அந்த எண் போகவே கூடாது. முன்னாள் மாணவரிடமும், இன்னும் சிறுவரென்றால் பெற்றோரிடமும், ஒரு வரி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

ரேட்டிங்கை (ஆட்டத்திறனுக்கு ஃபீடே தரும் எண்) வைத்துத் தலைமுறைகளை ஒப்பிடாதீர்கள். 1990-களின் தொடக்கம் வரை ஃபீடே பட்டியலில் ஆண்கள் நுழையவே 2200 வேண்டும். அந்தக் காலத்துத் தோட்டத்துப் பையனுக்கு ரேட்டிங் இல்லை என்பது அவன் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. குறைந்த நேரத்தில் ஆடும் ரேப்பிட், பிளிட்ஸ் ஆட்டங்களுக்கான ரேட்டிங்குகள் 2012-இல்தான் வந்தன. 2024 மார்ச்சில் இன்னொரு குழப்பம்: 2000-க்குக் கீழ் இருந்தவர்களுக்கு, 2000-லிருந்து எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பது கூட்டிக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் 1200 இருந்த பிள்ளை மார்ச்சில் ஓர் ஆட்டமும் ஆடாமல் 1520. பட்டியலில் இருக்கக்கூடிய மிகக் குறைந்த ரேட்டிங்கும் 1000-லிருந்து 1400 ஆனது. '1500-ஐத் தொட்ட முதல் மாணவர்' என்று எழுத ஆசை வந்தால் அது எந்த மாதத்து 1500 என்று பாருங்கள். மாவட்டப் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் ரேட்டிங்கில் சேராதவை, அங்கே வென்றவரை ஃபீடே பட்டியலில் தேடிப் பயனில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு இணையத்தில் ஆடியவற்றைத் தனியே குறியுங்கள். நேரடிப் போட்டியோடு சேர்த்து எண்ண வேண்டாம்.

ஆட்டக் குறிப்புத் தாள் எங்காவது அகப்பட்டால் அதைக் கோப்பையைவிடப் பத்திரமாக வையுங்கள். நகல் தாளில் எழுத்து மங்கிவிடும், நம் ஊர் ஈரத்துக்கும் கரையானுக்கும் சீக்கிரம் போய்விடும். 300 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்து, நகர்த்தல்களை லிசெஸ் என்ற சதுரங்க இணையதளத்தின் 'ஸ்டடி' பகுதியில் ஏற்றுங்கள். ஒரு ஸ்டடியில் 64 ஆட்டம் கொள்ளும். சிறுவர் எழுதிய தாளில் இருபதாவது நகர்த்தலுக்குப் பிறகு வெள்ளையும் கறுப்பும் ஒரு வரி இடம் மாறியிருக்கும். சாத்தியமில்லாத நகர்த்தல் வந்தால் ஒரு வரி மேலே தள்ளிப் பாருங்கள், பாதி ஆட்டங்கள் அப்படியே சரியாகிவிடும். 2024 டிசம்பரில் குகேஷ் பக்கத்து ஊர் சிங்கப்பூரில் உலக வெற்றியாளர் ஆனதிலிருந்து எல்லாக் கழக அறையிலும் அவர் படம் தொங்குகிறது, தொங்கட்டும். அதன் கீழே இதே மேசையில் ஆடிய ஒரு பிள்ளையின் ஆட்டத்தை அச்சடித்து ஒட்டினால், வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் அதைத்தான் வைத்து ஆடிப்பார்ப்பார்கள்.

பலகையில் ஒரு வரி இவ்வளவு தாங்கினால் போதும்: பெயர், பள்ளியில் படித்த ஆண்டுகள், போட்டி, பிரிவு, இடம், புள்ளி, ஆடியவர் எண்ணிக்கை, ஆண்டு. எண்ணிக்கை கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒரே பித்தளைத் தகட்டில் எல்லாப் பெயரையும் வெட்டக் கொடுத்துவிடாதீர்கள். பெயருக்கொரு சிறு தகடு, இரண்டு திருகாணி என்று செய்தால், திறப்பு விழாவுக்கு வரும் பழைய மாணவர்கள் 'டீச்சர், அது நானில்லை, என் அண்ணன்' என்று சொல்லும்போது ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம்.