சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள குழந்தை வீட்டில் இருக்க, அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. குழந்தையை எப்படிக் காப்பது?

கேள்வியின் சுருக்கம்: மகளுக்கு 5 வயது, எடை 14 கிலோ, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (உடம்பின் சளியும் செரிமான நீரும் கெட்டிப்பட்டு நுரையீரல், கணையம், கல்லீரலைப் பாதிக்கும் பிறவி நோய்). 9 வயது அண்ணனுக்கு 4 நாளாகக் கண் மஞ்சள். பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் காமாலை) என்று வந்திருக்கிறது. வீட்டில் ஒரே கழிவறை. பாப்பாவுக்குக் காமாலைத் தடுப்பூசி போட்டதில்லை. காமாலை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பேருக்கும் உப்பில்லாப் பத்தியம் போடலாம் என்கிறார் பாட்டி.

இன்றைக்கே செய்ய வேண்டியது தடுப்பூசி. நாளைக்குத் தள்ளாதீர்கள். "முதலில் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், ரிசல்ட் வரட்டும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். ஹெபடைடிஸ் ஏ தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். சராசரி 28 நாள். இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. தொடர்பு ஏற்பட்டு 2 வாரத்துக்குள் போடும் தடுப்பூசி பெரும்பாலும் நோயைத் தடுத்துவிடும். எவ்வளவு முன்னதாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே அண்ணனின் மலத்தில் கிருமி மிக அதிகமாக வெளியேறியிருக்கும். அதாவது பாப்பாவுக்கு முதல் தொடர்பு எப்போதோ நடந்து முடிந்திருக்கலாம். ஆனாலும் ஊசி போடத்தான் வேண்டும். மஞ்சள் தெரிந்து ஒரு வாரம் வரை கிருமி வெளியேறுவதால் தொடர்பு இன்னும் நீடிக்கிறது. ஒருவேளை ஏற்கெனவே தொற்றியிருந்தால்கூட செயலிழந்த கிருமித் தடுப்பூசியால் கேடு எதுவும் வராது.

எந்த ஊசி என்று கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஹாவ்ரிக்ஸ் 720, அவாக்சிம் 80 போன்றவை செயலிழந்த கிருமியால் ஆனவை, 0.5 மில்லி தசையில் போட்டு, 6 மாதம் கழித்து இரண்டாவது தவணை. பயோவாக்-ஏ வீரியம் குறைத்த உயிர்க் கிருமி, ஒரே தவணை. உங்கள் மகளுக்கு முதல் வகையே சரி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகள் நுரையீரலுக்காக அவ்வப்போது அதிக அளவு ஸ்டீராய்டு எடுக்க நேரும். அந்த நிலையில் உயிர்க் கிருமி ஊசி கூடாது. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் ஏ கிடையாது. அதனால்தான் "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று நம்பும் பல வீடுகளில் இது மட்டும் விடுபட்டிருக்கிறது. ஊசி போடாத பெற்றோரும் உடன் போட்டுக்கொள்ளுங்கள். பாப்பாவின் சாப்பாடு உங்கள் கை வழியாகத்தான் போகிறது.

அடுத்த கேள்வி இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக உள்ள எதிர்ப்புச் சக்தியையே ஊசியாகப் போடுவது. மகளின் கல்லீரல் இதுவரை நன்றாக இருக்கிறது என்றால் தடுப்பூசி மட்டும் போதும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பித்தநீர் கெட்டிப்பட்டு நுண்ணிய பித்தக் குழாய்களை அடைப்பதால், சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குச் சிறுவயதிலேயே கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆகிறது. மண்ணீரல் வீங்கியிருக்கிறது, தட்டணுக்கள் குறைவு, ஸ்கேனில் கல்லீரல் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது என்று முன்பே சொல்லியிருந்தால் உங்கள் குழந்தை அந்தப் பிரிவு. அப்போது தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேறொரு இடத்தில் போட வேண்டும். அளவு கிலோவுக்கு 0.1 மில்லி, 14 கிலோவுக்கு 1.4 மில்லி. எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. பெரிய ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு முதலிலேயே போன் செய்து விசாரித்துவிட்டுப் போங்கள். இதைப் போட்டால் அடுத்த 6 மாதத்துக்கு எம்.எம்.ஆர், சின்னம்மைத் தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. அட்டையில் தேதி எழுதி வாங்குங்கள்.

இனி வீட்டுக்குள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தையை வளர்க்கும் பெற்றோர் இருமல், சளி, மாஸ்க், தனியறை என்றே யோசித்துப் பழகியிருப்பார்கள். ஹெபடைடிஸ் ஏ அந்த வழியில் வருவதில்லை. மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. அண்ணனுக்கு மாஸ்க் போட்டு அறையில் அடைத்துவிட்டு அதே கழிவறைக் குழாய்த் திருகை இருவரும் தொட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. அவன் அதே ஹாலில் உட்கார்ந்து டிவி பார்க்கலாம். தொடர்பை அறுக்க வேண்டிய இடம் கழிவறையும் சமையலறையும்தான்.

நுரையீரல் கிருமிகளுக்காக வீடெங்கும் வைத்திருக்கும் சானிடைசரை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். ஹெபடைடிஸ் ஏ கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் அதை எளிதில் அழிக்காது. சோப்பும் ஓடும் தண்ணீரும், குறைந்தது 20 நொடி, நகக்கண் வரை. மகனுக்கு இன்றே நகம் வெட்டிவிடுங்கள். அவனுக்குத் தனி சோப்பு, தனித் துண்டு, கழிவறையில் தனி மக்.

கழிவறையைத் துடைக்க பிளீச்சிங் பவுடர் போதும். 1 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், கலக்கித் தெளியவிட்டு மேலே நிற்கும் நீரை எடுங்கள். புதுப் பவுடராக இருந்தால் இது ஏறத்தாழ 0.5 சதவீதக் குளோரின். முதலில் சோப்பு நீரால் அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு இந்த நீரைக் குழாய்த் திருகு, ஃப்ளஷ் பொத்தான், மக்கின் பிடி, தாழ்ப்பாள், சுவிட்ச் ஆகியவற்றில் துணியால் தடவி (சுவிட்சுக்கு நன்றாகப் பிழிந்த துணி), 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். அழுக்கின் மேல் நேராக ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். மூடி திறந்தே கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

உங்கள் வீட்டுக்கே உரிய எச்சரிக்கை ஒன்று: குளோரின் நெடி பாப்பாவின் நுரையீரலுக்கு ஆகாது. அவள் வேறு அறையில் இருக்கும்போது, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நெடி அடங்கிய பிறகே அவளைக் கழிவறைக்குள் விடுங்கள். பிளீச்சிங் நீரோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். கழிவறை ஆசிட் போடும் நாளில் பிளீச்சிங் வேண்டாம்.

நெபுலைசர் கப்பையும் வாய்க்குழலையும் சிலர் 70 சதவீத ஆல்கஹாலில் 5 நிமிடம் ஊறவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். நுரையீரல் கிருமிகளுக்கு அது ஏற்ற முறைதான். இப்போதைக்கு மட்டும் கொதிநீருக்கு மாறுங்கள். சோப்பில் கழுவி, முழுகும்படி கொதிக்கும் நீரில் 5 நிமிடம், பிறகு சுத்தமான துணி மேல் காற்றில் உலரவிடுங்கள். கொதிக்கவைக்கக் கூடாத பாகம் எது என்று பெட்டியோடு வந்த தாளில் பாருங்கள். செரிமானத்துக்காகக் கொடுக்கும் கணைய என்சைம் காப்ஸ்யூலை உள்ளங்கையில் திறந்து கொட்டிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டு, ஆப்பிள் மசியல் எடுத்த கரண்டியிலேயே நேராகக் கொட்டுங்கள். சூடான சோற்றிலோ பாலிலோ கலந்தால் குருணையின் பூச்சு கரைந்து என்சைம் வீணாகும்.

சமையலறையில் அண்ணன் கை படக் கூடாது: தண்ணீர் மொள்ளுவது, பழம் நறுக்குவது, தங்கைக்கு ஊட்டிவிடுவது எதுவும் மஞ்சள் தெரிந்து 2 வாரம் வரை வேண்டாம். ஒரு வாரம் போதும் என்பதே பொதுவான கணக்கு. குழந்தைகள் இன்னும் கொஞ்ச நாள் கிருமியை வெளியேற்றக்கூடும் என்பதால் கூடுதலாக ஒரு வாரம் சொல்கிறேன். குடிநீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கொதிக்கும் சாம்பார், ரசத்தில் பயமில்லை. தேங்காய்ச் சட்னியைப் பச்சைத் தண்ணீர் விட்டு அரைப்பது, மோருக்கு விளாவும் தண்ணீர், கடைசியில் தூவும் கழுவாத கொத்தமல்லி ஆகியவற்றில்தான் கோட்டை விடுகிறோம். அண்ணனுக்கு இது எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். வீட்டுத் தண்ணீர்தான் காரணம் என்றால் பாப்பாவும் அதே தண்ணீரைக் குடித்திருக்கிறாள். 2024-இல் கேரளத்தின் வேங்கூரில் ஒரு குடிநீர் விநியோகத்தாலேயே 200 பேருக்கு மேல் காமாலை வந்தது.

இப்போது பத்தியம். பாட்டியிடம் அன்பாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: இந்தக் குழந்தைக்கு உப்பில்லாப் பத்தியம் ஆபத்து. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் வியர்வை வழியாக உப்பு ஏராளமாக வெளியேறுகிறது. வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பதை வைத்துத்தான் நோயையே உறுதி செய்கிறார்கள். நம் ஊர் வெயிலில் அவளுக்குத் தினமும் கூடுதல் உப்பு தேவை. அந்த நேரத்தில் உப்பை நிறுத்தினால், அதோடு வாந்தியும் சேர்ந்தால், ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து குழந்தை துவண்டுவிடும். சோர்வு, சதைப் பிடிப்பு, தூங்கிக்கொண்டே இருப்பது, தொடர் வாந்தி என்று வரும் இந்த அறிகுறிகளை "காமாலைக் களைப்பு" என்று எண்ணி விட்டுவிடுவது மிகப் பெரிய தவறு. அப்போது ரத்தத்தில் எலக்ட்ரோலைட் (சோடியம், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு) பார்க்க வேண்டும். வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும்: 1 லிட்டருக்கான பாக்கெட் என்றால் அதை முழுவதும் 1 லிட்டர் ஆறிய தண்ணீரில். உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் குளுக்கோஸ் தண்ணீரும் இளநீரும் சோடியத்தை ஈடுகட்டாது.

எண்ணெய் நிறுத்துவதும் அப்படித்தான். அவளுடைய எடை ஏறுவதே நெய், எண்ணெய், முட்டை, முழுப்பால், கூடவே என்சைம் என்ற கணக்கில். ஒரு மாதம் கஞ்சியும் வெறும் இட்லியும் என்றால் இழக்கும் எடையைப் பிடிக்கப் பல மாதம் ஆகும்; எடை குறைந்தால் நுரையீரலும் கூடவே தளரும். ஒருவேளை காமாலையே வந்தாலும், குமட்டல் இருக்கும் சில நாள் கொழுப்பைத் தானே ஒதுக்குவாள். அப்போது சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். சாப்பாட்டின் அளவு குறைந்தால் என்சைமும் அதற்கேற்பக் குறையும். சாப்பிடாத வேளைக்கு என்சைம் வேண்டாம். சொல்லப்போனால் அண்ணனுக்கும் இந்தப் பத்தியம் தேவையில்லை.

கீழாநெல்லி பற்றியும் கேட்பார்கள். ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே குணமாகும் நோய். அதனால் எதைக் கொடுத்தாலும் கேட்டது போலவே தோன்றும். பாப்பா ஏற்கெனவே பல மருந்து எடுப்பவள். பெயர் தெரியாத பொடி, பச்சையாக அரைத்த சாறு எதுவும் வேண்டாம்.

கடைசித் தொடர்பிலிருந்து 50 நாள் வரை கண்காணியுங்கள். 6 வயதுக்குக் கீழே பெரும்பாலானவர்களுக்குக் கண் மஞ்சளாகாமலேயே வந்து போகும். ஆகவே பசியின்மை, மேல்வயிற்று வலி, அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம் எதைப் பார்த்தாலும் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் (கல்லீரல் பாதிப்பைக் காட்டுபவை), ஹெபடைடிஸ் ஏ ஐ.ஜி.எம். (புதிய தொற்றைக் காட்டுவது), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையத் தாமதமாகிறதா என்று காட்டுவது) ஆகிய ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். ஐ.என்.ஆர். ஏறியிருந்தால் கல்லீரல் செயலிழக்கிறது என்று எல்லோரும் பதறுவார்கள். இந்தக் குழந்தைகளுக்குக் கொழுப்பு சரியாகச் செரிக்காததால் வைட்டமின் கே குறைந்தும் ஐ.என்.ஆர். ஏறும். வைட்டமின் கே ஊசி போட்டுத் திரும்பப் பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இல்லாத இடத்தில் இதை நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கும். ஆனால் குழந்தை குழப்பமாகப் பேசினாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, ரத்தம் கசிந்தாலோ எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்துப் பட்டியலையும் கையோடு கொண்டுபோங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கான எலெக்சாகாஃப்டர் கூட்டு மருந்து, பூஞ்சைத் தொற்றுக்கான வோரிகோனசோல், இட்ராகோனசோல், காசநோய் மருந்துகள் எல்லாமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. எஸ்.ஜி.பி.டி. இயல்பின் உச்ச அளவைப் போல 5 மடங்கைத் தாண்டினால், அல்லது 3 மடங்கைத் தாண்டிப் பிலிருபினும் இரு மடங்கைத் தாண்டினால் எலெக்சாகாஃப்டரை நிறுத்திவைப்பார்கள். அந்த முடிவை டாக்டர் எடுக்கட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், 6 மணி நேர இடைவெளி. மஞ்சள் தெரிந்துவிட்டால் கேட்காமல் அதையும் கொடுக்காதீர்கள். நிமெசுலைடு 12 வயதுக்குக் கீழே இந்தியாவில் 2011 முதல் தடை. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

ஹெபடைடிஸ் பி வேறு கதை. அது ரத்தம் வழியாக வருவது. பிறந்ததும் ஒன்று, பிறகு 6, 10, 14 வாரத்தில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்க்கான கூட்டுத் தடுப்பூசி) வழியாகப் போட்டது அட்டையில் இருக்கிறதா பாருங்கள். அடிக்கடி ஊசியும் குழாயும் ஏறும் உடம்பு என்பதால் எதிர்ப்புச் சக்தியின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டுக்குக் கீழே இருந்தால் ஒரு கூடுதல் தவணை போட்டு, ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். உலர்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி 7 நாள் உயிரோடு இருக்கும். பின்னாளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸால் சர்க்கரை நோய் வந்து வீட்டில் விரல் குத்திப் பார்க்க நேர்ந்தால், தாத்தாவின் குத்தும் பேனாவை ஊசி மாற்றிக்கூடப் பயன்படுத்தாதீர்கள். அவளுக்கென்று ஒன்று வாங்கிப் பெயர் ஒட்டி வையுங்கள்.