டிரையர் பக்கத்தில் கற்றதற்கு என்ன கணக்கு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சிடிசி (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் முறை) தேயிலைத் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வருடத்துக்குச் சில வகுப்புகள் நடத்துகிறோம். வருகைப் பதிவும் தேர்வு மதிப்பெண்ணும் இருக்கின்றன. ஆனால் புதிதாக வருபவர்கள் தொழிலைக் கற்பது டிரையர் (தேயிலையை உலர்த்தும் இயந்திரம்) பக்கத்தில் நின்று, மூத்தவர்களிடம் கேட்டு, ஷிப்ட் வாட்ஸ்அப் குழுவில் பேசித்தான். “அதற்கெல்லாம் கணக்கு எங்கே?” என்கிறது நிர்வாகம். இதற்கென்று மென்பொருள் வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். வாங்கினால் முதல் மாதம் எல்லாரும் நிரப்புவார்கள், மூன்றாம் மாதம் நீங்கள் ஒருவர் மட்டும் நிரப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இந்தக் கணக்கை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறார்கள் என்று நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். “கற்றலை அளக்க வேண்டும்” என்றால் அதற்கு எல்லையே கிடையாது. “தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் மூத்த டீ மேக்கர் ஓய்வு பெற்றால் இரவு ஷிப்டை யார் பார்ப்பார்?” என்பது நல்ல கேள்வி. எதைப் பதிவு செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் ஆட்கள், மேலே வேலைகள்: டிரஃபில் (இலையைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டி) இலை வாட்டத்தைக் கணிப்பது, சிடிசி ரோலர் இடைவெளியைச் சரிசெய்வது, புளிப்பு (நசுக்கிய இலை காற்றுபட்டு நிறம் மாறுவது) எப்போது போதும் என்று சொல்வது, டிரையர் சூட்டைப் பிடித்துவைப்பது. மதிப்பெண் தேவையில்லை. பார்த்திருக்கிறார், ஆள் கூட இருந்தால் செய்வார், தனியாகச் செய்வார், இன்னொருவருக்குச் சொல்லித் தருவார் என்று நான்கு நிலை போதும். ஒவ்வொரு கட்டத்திலும் தேதி, நேரில் பார்த்து உறுதி சொன்னவர் பெயர், எந்த வேலையில் பார்த்தார் என்ற ஒரு வரி. இந்த மூன்றும் இல்லாத கட்டம் வெறும் அபிப்பிராயம்தான்.

பெரிய நிறுவனங்களில் இதே காரியத்துக்கு ‘எக்ஸ்ஏபிஐ’ என்ற தர வடிவம் இருக்கிறது, 2013இல் வந்தது. யார், என்ன செய்தார், எதை என்று ஒவ்வொரு கற்றல் அனுபவத்தையும் ஒரு சிறு வாக்கியமாகச் சேமிப்பதுதான் அதன் அடிப்படை. அந்த வாக்கிய வடிவத்தை மட்டும் கடன் வாங்கி ஷிப்ட் நோட்டில் எழுதினால் உங்களுக்குப் போதும்.

இனி, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்கள். வாடிய இலையின் ஈரம் சிடிசிக்கு 70 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், டிரையரிலிருந்து வரும் தூளில் சுமார் 3 சதவீதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த அளவுகளை எப்படியும் எழுதுகிறீர்கள். பக்கத்தில் ஷிப்டைப் பார்த்தவர் பெயரும் இருந்தால், புதியவர் ஒருவரின் ஷிப்டில் ஏற்ற இறக்கம் குறைகிறதா என்று பார்க்கலாம். சராசரியைவிட அந்த ஏற்ற இறக்கம்தான் கைப்பழக்கத்தைக் காட்டும்.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. கோத்தகிரி இருப்பது நீலகிரி மலையின் கிழக்குப் பக்கம். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பிடிக்கும். பிப்ரவரியில் வந்த இலையையும் அக்டோபர், நவம்பரில் சொட்டச் சொட்ட வந்த இலையையும் ஒப்பிட்டால், நன்றாக வேலை கற்றவர்கூடப் பின்வாங்கியதுபோலத் தெரிவார். ஒரே வாரத்தில், ஒரே மாதிரி இலையில், புதியவர் ஷிப்டையும் அனுபவசாலி ஷிப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதையும் ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம். ரோலர் மழுங்கியிருந்தால் அது ஆளின் குற்றமா?

வாட்ஸ்அப் குழுவுக்கு வருவோம். அரட்டையை ஏற்றுமதி செய்து யார் எத்தனை செய்தி போட்டார் என்று எண்ணாதீர்கள். 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்த அன்றே குழு வணக்கமும் பூப்படமுமாக மாறிவிடும். அதற்குப் பதிலாக, ஷிப்ட் முடிவில் மேற்பார்வையாளர் “இன்று எதைப் பற்றிக் கேட்டார்கள்?” என்று ஒரே ஒரு வரி எழுதட்டும். கேட்டவர் பெயர் வேண்டாம். ஒரே கேள்வி வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஒரு செயல்முறைப் பலகையோ, அரைமணி நேர விளக்கமோ தேவை. கேள்வி திடீரென்று நின்றுபோனால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். கற்றுக்கொண்டார்களா, கேட்டால் திட்டு விழும் என்று பயந்தார்களா என்று வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள்.

ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் உங்களிடமும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். பதிவு தமிழில் எழுதுபவரை மட்டும் நம்பியிருந்தால், அவர்கள் கற்றது எதுவும் கணக்கில் ஏறாது. ஆறு மாதம் கழித்து ‘கற்காதவர்கள்’ என்ற பட்டியலில் அவர்களே நிற்பார்கள். குரல் பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது செய்து காட்டச் சொல்லி மேற்பார்வையாளர் குறித்துக்கொள்ளட்டும்.

நிர்வாகத்தில் யாராவது ‘70-20-10’ என்று ஆரம்பிக்கலாம்: 70 சதவீதம் வேலையில், 20 மற்றவரிடம், 10 வகுப்பில். அது 1980களில் அமெரிக்காவில் மேலாளர்கள் தங்கள் அனுபவத்தை நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து வந்தது. டிரையர் ஆபரேட்டருக்கு அதை இலக்காக வைப்பது அர்த்தமில்லாத வேலை.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தக் கட்டத்தைச் சம்பள உயர்வோடு நேரடியாகக் கட்டாதீர்கள். கட்டினால் எல்லாரும் நான்காம் நிலைக்குப் போய்விடுவார்கள், தூள் மட்டும் அப்படியே இருக்கும். பாதுகாப்புப் பயிற்சி, உணவுச் சுகாதாரப் பயிற்சி ஆகியவற்றின் வருகைப் பதிவைத் தனியாகவே வையுங்கள். ஆய்வுக்கு வருபவர் கேட்பது கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைத்தான்.

நிர்வாகத்துக்கு மாதம் ஒரு பக்கம் அனுப்பினால் போதும்: எந்த வேலையைத் தனியாகச் செய்ய ஒரே ஒருவர்தான் இருக்கிறார், போன மாதத்துக்குப் பிறகு யார் நிலை மாறினார்கள், எந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. மழைக்காலமும் பனிக்காலமும் உட்பட ஒரு முழு வருடம் இதை நடத்திய பிறகும் தாள் போதவில்லை என்றால், அப்போது மென்பொருள்காரரை வரச் சொல்லுங்கள். வரும்போது உங்கள் கட்டத்தைக் காட்டி, அதை அப்படியே ஏற்ற முடியுமா என்று கேளுங்கள்.