புகை அடிப்பது கண்துடைப்பா?

கேள்வி: டெங்கு பரவும்போது தெருத்தெருவாகப் புகை மருந்து அடிக்கிறார்களே, அதனால் பயன் உண்டா, வெறும் கண்துடைப்பா?

பயன் உண்டு, கொஞ்சம். அதையும் நாமே கெடுத்துவிடுகிறோம். 2017-இல் தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படியே 23,294 பேருக்கு டெங்கு வந்தது. 65 பேர் இறந்தார்கள். அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. புகை இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சன்னல்களை இழுத்துச் சாத்தினேன். கட்டிலுக்கு அடியிலும் கொடித் துணியிலும் உட்கார்ந்திருக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது.

மறுநாள் கொசு ஒழிப்புப் பணியாளர் ஓர் அம்மா வந்தார். "எங்கள் வீட்டில் தண்ணீரே தேங்காது" என்றேன். பதில் பேசாமல் கொல்லைப்புறம் போய், பாட்டி காலத்து ஆட்டுக்கல்லின் குழிக்குள் டார்ச் அடித்தார். ஒரு தம்ளர் மழைத்தண்ணீர்தான் இருக்கும். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. "இதைப் புகை ஒன்றும் செய்யாது சார்" என்றார். அந்தப் புழுக்கள் ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும்.

அதற்காகப் புகை அடிக்கச் சொன்ன அதிகாரியைத் திட்ட எனக்கு மனமில்லை. கொசு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அப்புறம் கஷாயம், மருந்துக்கடை மாத்திரை; அதற்கும் பிறகுதான் ரத்தப் பரிசோதனை. முடிவு சுகாதார ஆய்வாளர் கைக்கு வரும்போது அந்தக் கடி கிட்டத்தட்ட இரண்டு வாரப் பழசு. ஏடிஸ் பகலில் கடிப்பது. கடித்த இடம் வீடா, பள்ளிக்கூடமா என்று யார் கண்டது? தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, அவர்கள் பட்டியலிலும் ஏறமாட்டார்கள். ஆனால் அவர்களைக் கடிக்கும் கொசுவுக்கும் வைரஸ் போகும். எல்லாம் உறுதியாகட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. வைரஸ் ஏறிய கொசு சாகும்வரை பரப்பும் என்பதால், பட்டியலில் உள்ள வீட்டைச் சுற்றி அடிப்பது நியாயமான ஊகம்தான். அதே நாளில் தொட்டிகளையும் கொட்டிக் கவிழ்க்காமல் போவதுதான் என் குறை. புகை அடிப்பது படமாகச் செய்தியில் வரும், ஆட்டுக்கல் வராது!

எங்கள் ஆட்டுக்கல்லைப் புரட்ட ஆள் கிடைக்கவில்லை. குழி நிறைய மணல் கொட்டிவிட்டோம். அடுத்த முறை புகை வந்தபோது சோற்றுப் பானையையும் தண்ணீரையும் மூடிவைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அது அடங்கும்வரை எல்லோரும் தெருமுனையில் போய் நின்றோம்.