ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைக்கலாமா?

கேள்வி: என் 4 வயது மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அவ்வளவையும் அவள் குடிக்க மாட்டாள். ஒரு டம்ளரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வராதா? அதில் சர்க்கரை எதற்கு, உப்பு மட்டும் போதாதா?

பதில்: வேண்டாம், கெட்டியாகக் கரைக்கவே வேண்டாம். ஏற்கெனவே அப்படிக் கொடுத்திருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்பதைச் சர்க்கரையிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

குடலின் உள்சுவரில் செல்கள் ஒரே வரிசையாக நெருக்கி அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு. உப்பிலுள்ள சோடியம் அதைத் தானாகக் கடக்காது, பாக்கெட்டில் சர்க்கரையாக இருக்கும் குளுக்கோஸும் கடக்காது. இரண்டுக்கும் புரதத்தாலான வாசல் வேண்டும். அப்படி ஒரு வாசலின் பெயர் எஸ்.ஜி.எல்.டி.1. அதைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: வாசல் குடலின் பக்கம் திறந்திருக்கிறது, இரண்டு சோடியம் அயனிகள் வந்து ஒட்டுகின்றன, அப்புறம் ஒரு குளுக்கோஸ் வந்து சேர்கிறது, உடனே புரதம் தன் வடிவத்தையே மாற்றி வெளிப்பக்கத்தை மூடிக்கொண்டு உள்பக்கம் திறக்கிறது, மூன்றும் செல்லுக்குள் விழுகின்றன. சோடியம் போகும் பக்கம் தண்ணீரும் போகும். ஆக, சர்க்கரையைச் சேர்ப்பது ருசிக்காக இல்லை. குளுக்கோஸ் வராவிட்டால் இந்த வாசல் வழியாகச் சோடியம் நகராது, தண்ணீரும் பின்னால் வராது. செல்லின் மறுபக்கத்தில், அதாவது ரத்தத்தின் பக்கத்தில், ஒரு பம்ப் ஓயாமல் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் உள்ளே எப்போதும் இடம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே போகின்றன என்ற கருத்தை 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் முன்வைத்தார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் காலராதான். அந்தக் கிருமியின் நச்சு, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு சுவிட்சை 'ஆன்' நிலையிலேயே மாட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு எக்கச்சக்கமாகச் சேர, குளோரைடு வாசல்கள் திறந்து, உப்பும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழையும் வாசலை அந்த நச்சு தொடுவதே இல்லை! 1971-ல் மேற்கு வங்கத்தின் பனகாவ் அகதி முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த ஒரு வாசலை நம்பித்தான் சர்க்கரை-உப்புக் கரைசலைக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சரி, உங்கள் டம்ளருக்கு வருவோம். 20.5 கிராம் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் அடர்த்தி 245 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அளவு). ரத்தத்தின் அடர்த்தி சுமார் 290. கரைசல் ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகிறது. அதையே 200 மில்லியில் கரைத்தால் அடர்த்தி ஐந்து மடங்காகி 1200-ஐத் தாண்டும். இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? ரத்தத்திலிருந்து குடலுக்கு. ஏற்கெனவே வறண்டிருக்கும் குழந்தையின் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை உறிஞ்சுகிறோம், போக்கும் அதிகமாகிறது. கூடவே ரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளைச் செல்கள் நீரிழந்து சுருங்கி, வலிப்பு வரைக்கும் போகலாம். சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானங்களைக் கொடுக்க வேண்டாம் என்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு லிட்டரையும் குடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. மொத்தமாகக் கரைத்து மூடி வையுங்கள், 24 மணி நேரத்தில் மிஞ்சுவதைக் கொட்டிவிடுங்கள். பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவாகப் பிரிக்காதீர்கள், தூள் சமமாகப் பிரியாது. 200 மில்லிக்கென்றே சின்னப் பாக்கெட்டும் வருகிறது, உங்களுக்கு அதுதான் சௌகரியம். எதுவானாலும் அதன்மேல் போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டுக் கரையுங்கள். உங்கள் மகளின் வயதுக்கு, ஒவ்வொரு முறை போன பிறகும் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தாது, இழந்த தண்ணீரைத்தான் ஈடுகட்டும். "குடித்தும் நிற்கவில்லையே" என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் வெகுநேரம் வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்கவே முடியாமல் போனாலோ வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.